இருபது வயதுக்காரர்களை வாசலில் நிறுத்தாதீர்கள்

எங்கள் நகரின் மேயர் அவர்களுக்கும் கல்வி வாரியத்தாருக்கும்,

2025 ஜனவரி 13, திங்கட்கிழமை காலை, ஜப்பானில் இருபது வயதானவர்களை வாழ்த்த ஊர்தோறும் நடத்தும் வயதுவந்தோர் விழா அன்று, உங்கள் நகர அரங்கத்தின் வாசலில் என் மகள் இரண்டு மணி நேரம் நின்றாள். கருநீலத்தில் வெண்கொக்குகள் பறக்கும் ஃபுரிசோதே என்ற நீண்ட கை கிமோனோவை உடுத்தியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டி முப்பது வருடங்களுக்கு முன் தன் மகளுக்காக வாங்கி, காகிதத்தில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்த பட்டு அது. விடிவதற்கு முன்பே பாட்டி எங்கள் வீட்டுக்கு வந்து, மூச்சுப் பிடித்து ஓபி என்ற இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். அவளோடு ஒன்பது வருடம் ஒன்றாகப் படித்தவர்கள் கைப்பேசியில் இருந்த க்யூஆர் குறியீட்டைக் காட்டி ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவளிடம் அந்தக் குறியீடு இல்லை.

வாசலில் இருந்த பணியாளர் இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டார். பட்டியலில் பெயர் இல்லை, தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பட்டியலை அப்படித் தயாரிக்கச் சொன்ன முடிவு உங்களுடையது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் மகள் 2004 செப்டம்பரில் இந்த நகரத்தில் பிறந்தாள். இங்கேயே பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி. 2023 மார்ச்சில் மேல்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு, கட்டடக்கலை படிக்கச் சென்னைக்குப் போனாள். போவதற்கு முன் உங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்குபவர் வெளியேறும் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். கொடுத்தோம். குடிப்பதிவிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டது. அவளுடைய நிரந்தர வசிப்புரிமையும் மறுநுழைவு அனுமதியும் அப்படியே இருக்கின்றன. அவளுடைய அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, அப்பா அம்மா இங்கேதான் இருக்கிறோம். இல்லாமல் போனது அந்த ஒரு தாளில் இருந்த ஒரு வரி.

முந்தைய வருடம் வரை, நகரின் நடுநிலைப் பள்ளியில் படித்தவர் என்றால் விழாவுக்கு வரலாம் என்றுதான் இருந்தது. வெளியூரில் இருப்பவர்கள் தொலைபேசியில் சொன்னாலே போதும், பெயரைச் சேர்த்துக்கொண்டீர்கள். இந்த முறை எல்லாம் இணையப் படிவம் என்று மாற்றினீர்கள். நவம்பர் 1 அன்று இந்த நகரில் குடிப்பதிவு இருக்க வேண்டும், அல்லது இங்கே படித்து இப்போது ஜப்பானின் வேறொரு ஊரில் குடிப்பதிவு இருக்க வேண்டும் என்று விதி வைத்தீர்கள். படிவத்தில் ஏழு இலக்க அஞ்சல் எண் கட்டாயம். சென்னையின் ஆறு இலக்கத்தை அது ஏற்கவில்லை. அதற்கு மேல் படிவம் நகரவே இல்லை.

மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். முதல் முறை, விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டாம் முறை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு இந்த ஆண்டு இல்லை என்றார்கள். மூன்றாம் முறை, ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். எல்லோருக்கும் கொடுங்கள் என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இதை வெளிநாட்டவர் மேல் உள்ள வெறுப்பு என்று நான் சொல்லவில்லை. ஜப்பானியக் குடியுரிமை உள்ள ஒருவர் முறைப்படி வெளியேறும் அறிவிப்பு கொடுத்திருந்தாலும் உங்கள் படிவம் அவரையும் தடுத்திருக்கும். ஆனால் நடைமுறையில் என்ன ஆனது என்று பாருங்கள். என் மகளோடு படித்த ஒரு ஜப்பானியப் பெண் கனடாவில் படிக்கிறாள். அவள் வீட்டில் அந்த அறிவிப்பைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். அவள் பெயர் பட்டியலில் இருந்தது, அழைப்பு அட்டை வீட்டுக்கே வந்தது. அவள் உள்ளே போனதில் எனக்கு மகிழ்ச்சி. அதே வகுப்பில் இருந்த ஃபிலிப்பைன்ஸ் குடும்பத்துப் பையன், இப்போது தன் தாயோடு மணிலாவில் இருப்பவன், என் மகளைப் போலவே படிவத்தோடு நின்றுவிட்டான். அவன் விமானச் சீட்டே எடுக்கவில்லை.

எங்களைப் போன்ற குடும்பங்கள் விதியை மறப்பதில்லை. மறக்கவும் முடியாது. வசிப்புரிமை அட்டையின் காலக்கெடு, முகவரி மாறினால் பதினான்கு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற விதி, வரிச் சீட்டு, காப்பீட்டுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். ஒரு தாள் தவறினால் இருபது வருட வாழ்க்கையே கேள்விக்குள்ளாகிவிடுமோ என்ற பயத்தோடு வாழ்கிறவர்கள் நாங்கள். அந்த ஒழுங்குதான் எங்கள் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

அவளுக்கு இந்த நாள் என்னவாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வயதிலும் ஏழு வயதிலும் ஷிச்சி-கோ-சான் என்ற குழந்தைகள் விழாவுக்கு அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனோம். நீண்ட மிட்டாய்ப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டே நடந்தாள். நான்காம் வகுப்பில் பத்து வயதானபோது பள்ளியில் ‘நிபுன் நோ இச்சி சேய்ஜின்ஷிகி’, அதாவது பாதி வயதுவந்தோர் விழா நடந்தது. பெற்றோர் எல்லோரும் உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, இன்னும் பத்து வருடத்தில் என்னவாக இருப்பேன் என்று சொன்னார்கள். “மிச்சப் பாதிக்கும் எல்லோரும் வாருங்கள்” என்று சொல்லி முடித்தாள் என் மகள். பள்ளி சொல்லிக்கொடுத்த வரி அல்ல, அவளாகச் சேர்த்தது.

அவள் பெரியவளானபோது கும்பகோணத்திலிருந்து என் அம்மா பேசினார். மஞ்சள் நீராட்டு வைக்க வேண்டும், தாய்மாமன் சீர் கொண்டு வருவான், மண்டபம் பார்க்கட்டுமா என்று கேட்டார். மகள் வேண்டாம் என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. “பாட்டி, எனக்கு இருபது வயதில் சேய்ஜின்ஷிகி வரும். அது எல்லோருக்கும் சேர்த்துச் செய்வது, பையன்களுக்கும் உண்டு. அது போதும்” என்றாள். என் அம்மாவுக்கு அது பாதிதான் புரிந்தது. எனக்கு நன்றாகப் புரிந்தது. உடம்பில் வந்த மாற்றத்துக்காக உறவுக்குள் செய்யும் சடங்கு வேறு. இனி நீயும் இந்த ஊரின் பொறுப்பில் பங்குள்ளவள் என்று ஊரே கூப்பிட்டுச் சொல்வது வேறு. அவள் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டாள். தன் ஊர் எது என்பதில் அவளுக்கு அன்று சந்தேகமே இருக்கவில்லை.

அந்த ஜனவரி 13 போகி, மறுநாள் பொங்கல். பாட்டியோடு பொங்கல் வைப்பதை விட்டுவிட்டு, கல்லூரியில் ஒரு வாரம் விடுப்புக் கேட்டு, சிங்கப்பூர் வழியாக ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்தாள். நேரில் வந்து நின்றால் எப்படியும் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

நீங்கள் நடத்துகிற விழா எங்கே பிறந்தது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். சைதாமா மாகாணத்தின் வாராபியில், 1946 நவம்பரில், போர் முடிந்து ஓராண்டு கழித்து, பள்ளி மைதானத்தில் கூடாரம் போட்டு நடத்திய இளைஞர் விழாவின் முதல் நிகழ்ச்சியாக அது நடந்தது. தோற்றுப்போன நாட்டில், சாப்பாட்டுக்கே வழியில்லாமல் நம்பிக்கை இழந்து கிடந்த இளைஞர்களைத் தூக்கி நிறுத்தத்தான், உள்ளூர் இளைஞர் சங்கத்தின் தலைவராக இருந்த தகாஹாஷி ஷோஜிரோ முன்னின்று அதைச் செய்தார். பேரரசர் வீட்டிலும் சாமுராய் வீட்டிலும் கென்புக்கு என்று ஆண்பிள்ளைகளுக்குத் தலைமுடி திருத்தித் தொப்பி அணிவித்த பழைய வழக்கம் நூற்றாண்டுகளுக்கு முந்தியது. ஆனால் ஊர் முழுக்கச் சேர்ந்து, குலம் பார்க்காமல், ஆண் பெண் பார்க்காமல் வாழ்த்துகிற இந்த விழா அந்தக் கூடாரத்தில் இருந்து வந்தது. வாராபியில் இன்றும் அதை அதன் பழைய பெயரால் சேய்னென்ஷிகி என்றுதான் அழைக்கிறார்கள்.

1948-ல் வந்த விடுமுறைச் சட்டம் இந்த நாளுக்கு ஒரே வரியில் விளக்கம் தருகிறது: தான் பெரியவராகிவிட்டதை உணர்ந்து, சொந்தக் காலில் வாழ முனைகிற இளைஞர்களைக் கொண்டாடி ஊக்கப்படுத்தும் நாள். அந்த வரியில் இருக்கும் சொல் இளைஞர். குடிப்பதிவில் உள்ள இளைஞர் என்று அதில் இல்லை. சொந்தக் காலில் நிற்கத்தான் என் மகள் ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படிக்கிறாள்.

இந்த விழா கல்லில் செதுக்கியதும் அல்ல. ஜனவரி 15 என்று இருந்த விடுமுறை 2000-லிருந்து ஜனவரியின் இரண்டாவது திங்களுக்கு மாறியது. 2022 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி பெரியவராகும் வயது 18 ஆனது. ஆனாலும் பெரும்பாலான ஊர்கள் இருபது வயதிலேயே விழாவை வைத்துக்கொண்டன, நீங்களும்தான். பதினெட்டு வயதில் ஜனவரி என்றால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நேரம், பிள்ளைகளால் வர முடியாது என்பது அதற்கு முக்கியமான காரணம். பெயரை மட்டும் ‘ஹதாச்சி நோ ட்சுதோய்’, இருபது வயதினர் கூடுகை என்று மாற்றிக்கொண்டீர்கள். பனி கொட்டும் வடக்கு மாகாணங்களில், அகிதாவிலும் நீகாதாவிலும், பல ஊர்கள் இதை ஆகஸ்ட்டில், முன்னோர்களை நினைவுகூரும் ஓபோன் விடுமுறையை ஒட்டி வைக்கின்றன. பனி ஒரு காரணம். வேலைக்கும் படிப்புக்கும் வெளியே போன பிள்ளைகள் வீடு திரும்பும் நாள் அது என்பது இன்னொரு காரணம். வெளியே போனவர்கள் வர வேண்டும் என்பதற்காக விழாவையே ஏழு மாதம் நகர்த்துகிற நாட்டில், வெளியே போனாள் என்பதற்காக ஒருத்தியை வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

பாதுகாப்பு, கூட்டக் கட்டுப்பாடு என்று தொலைபேசியில் சொன்னார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. 2001-ல் தகாமட்சு நகரில் இதே விழாவில் இளைஞர்கள் மேயர் மேலேயே பட்டாசு வெடித்த கதை எல்லோருக்கும் தெரியும். யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், சரி. அதற்கு நாங்கள் என்ன சான்று கேட்டாலும் தரத் தயாராக இருந்தோம். நடுநிலைப் பள்ளிச் சான்றிதழ், பழைய குடிப்பதிவு நகல், கடவுச்சீட்டு எல்லாம் கையில் இருந்தன. யாரும் கேட்கவில்லை. அரங்கில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. நாட்டில் 1970-ல் இருபது வயதை எட்டியவர்கள் 24 லட்சத்து 60 ஆயிரம் பேர். 2024-ன் தொடக்கத்தில் 18 வயதை எட்டியிருந்தவர்கள் 10 லட்சத்து 60 ஆயிரம் பேர்தான். அன்று வெளியே வந்த பிள்ளைகளே சொன்னார்கள், மாடியில் இருந்த இருக்கைகள் முழுக்கக் காலி என்று.

இளைஞர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், அவர்களில் எங்கள் பிள்ளைகளைப் போன்றவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். 2018-ல் தோக்கியோவின் 23 வட்டங்களில் பெரியவரானவர்களில் எட்டில் ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர். அவற்றில் ஒன்றான ஷின்ஜுகுவில் கிட்டத்தட்ட பாதிப் பேர். அவர்களில் பலர் படிக்க வந்த மாணவர்கள்தான். ஆனால் இங்கேயே பிறந்து, இந்தப் பள்ளிகளிலேயே மதியச் சாப்பாடு பரிமாறி, வகுப்பறை கூட்டி வளர்ந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். இங்கே பிறந்ததனால் மட்டும் ஜப்பானியக் குடியுரிமை வந்துவிடாது என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களை இந்த ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடும் சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. வயது வந்தாலும் வாக்குரிமை அவர்களுக்கு இல்லை. இந்த விழா ஒன்றுதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஆறாம் வகுப்பு முடியும்போது அவர்கள் எல்லோரும் இருபது வயதான தங்களுக்கே ஒரு கடிதம் எழுதி ஆசிரியையிடம் கொடுத்திருந்தார்கள். எட்டு வருடம் பள்ளி அதைப் பத்திரமாக வைத்திருந்தது. விழா நாளில் அரங்கத்துக்குள் பள்ளிவாரியாக மேசை போட்டு அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் மகளின் கடிதமும் அந்த மேசையில்தான் இருந்தது. அவள் வெளியே இருந்தாள். இருபது அடி தூரம்கூட இருக்காது. அரை மணி நேரம் கழித்து விஷயம் தெரிந்து அந்த ஆசிரியை வெளியே ஓடி வந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், நடையில் கொஞ்சம் தளர்ச்சி. உறையை இரண்டு கையாலும் நீட்டி, “உனக்குத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும்” என்றார். அதற்குப் பிறகு அவரும் உள்ளே போகவில்லை. விழா முடியும்வரை எங்களோடு குளிரில் நின்றார். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று மகள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் அவள் கேட்டது இது மட்டும்: “அம்மா, நான் படிப்பு முடித்து இங்கேதானே வரணும்?” முன்பு அவள் அதைக் கேள்வியாகக் கேட்டதே இல்லை.

இந்த மடலை ஜப்பானிய மொழியில் எழுதி உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரை வைத்த நகலும் வாங்கிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம், ஜப்பானில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு இந்தியாவுக்குப் போகும்போது எத்தனை பேர் வீட்டில் இதே அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, இதே வாசலில் வந்து நிற்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களும் தங்கள் ஊர் விதியை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த விழாவை நடத்தச் சொல்லி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. யார் வரலாம் என்பதும் நீங்களே வைத்த விதிதான். ஆகவே மாற்றுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நான் கேட்பவை இவை.

நகரின் தொடக்கப் பள்ளியிலோ நடுநிலைப் பள்ளியிலோ படித்தவர் எவராக இருந்தாலும், இப்போது எந்த ஊரில், எந்த நாட்டில் பதிவு இருந்தாலும், விழாவுக்கு வரலாம் என்ற பழைய வழக்கத்தை எழுத்துபூர்வ விதியாக்குங்கள். சான்றுக்குப் பள்ளிச் சான்றிதழ் போதும் என்று அதிலேயே சொல்லிவிடுங்கள்.

படிவத்தில் வெளிநாட்டு முகவரி எழுத இடம் வையுங்கள். இணையத்தில் முடியாதவர்களுக்குப் பழையபடி தொலைபேசி வழியையும் திறந்து வையுங்கள். படிவத்தின் விளக்கம் எளிய ஜப்பானிய மொழியில், கடினமான எழுத்துகளுக்கு மேல் ஹிராகானா என்ற எளிய எழுத்தில் உச்சரிப்போடு இருக்கட்டும். வீட்டில் அதைப் படிப்பது பிள்ளைகள் மட்டும் அல்ல, பெற்றோரும்தான்.

இருபது வயதுக்குள் இருக்கும் ஒருவர் வெளியேறும் அறிவிப்பு கொடுக்க வரும்போது, விழாவுக்கு எப்படிப் பதிவு செய்வது என்று ஒரு சீட்டை அந்த ஜன்னலிலேயே கொடுங்கள். எங்களிடம் அன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் முன்பே உங்களிடம் வந்திருப்போம்.

பள்ளிகள் கடிதங்களையும் நினைவுப் பொருள்களையும் திருப்பிக் கொடுக்கும் மேசையை நுழைவுச் சோதனைக்கு வெளியே போடச் சொல்லுங்கள்.

2025 ஜனவரியில் படிவத்தோடு நின்றுபோனவர்கள் யார் யார் என்று பள்ளிகளின் உதவியோடு கண்டுபிடியுங்கள். அடுத்து நடக்கும் விழாவுக்கு அவர்களையும் பெயர் போட்டு அழையுங்கள். வர முடியாதவர்களுக்கு மேயரின் கையெழுத்தோடு ஒரு வாழ்த்துக் கடிதம் அனுப்புங்கள். மணிலாவில் இருக்கும் அந்தப் பையனின் முகவரி என்னிடம் இருக்கிறது, அவன் சம்மதம் கேட்டுத் தருகிறேன்.

அடுத்த பட்டியலுக்கான வேலை இலையுதிர் காலத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன்பு, ஆகஸ்ட் முடிவதற்குள், மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்ற காரணமும் வேண்டும். பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். என் மகளின் பெயருக்கு அனுப்புங்கள், அவள் இப்போது வயதுவந்தவள். முகவரி நான் கொடுத்த மனுவில் இருக்கிறது, ஆறு இலக்க அஞ்சல் எண்ணோடு.

இப்படிக்கு,
22 வருடங்களாக இந்த நகரில் வாழும் ஒரு தாய்